குட்டி ஃப்ளாஷ் ஒரு மேஸ்திரி

டிஸ்கி: கொஞ்சம் நீளமான, கொஞ்சம் கோபமான பதிவு. கேமரா பற்றி ஒன்றும் தெரியாதவர்களும் படிக்கலாம். "ஃப்ளாஷ் போட்டால் போட்டோ கெட்டுப்போகும்" என்று நம்புகிறவர்கள் கண்டிப்பாகப் படிக்க வேண்டும். திட்டுவதாக இருந்தால் முழுசாகப் படித்துவிட்டுத் திட்டவும்.

கேமரா தலையில் ஒரு குட்டி ஃப்ளாஷ் இருக்கிறதே, பட்டனை அமுக்கினால் டப்பென்று எழுந்து நிற்குமே, அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். என் கட்சி இதுதான்: அது வெளிச்சம் போடும் விளக்கு இல்லை. தள்ளி நிற்கும் வேறு ஃப்ளாஷ்களுக்கு "போடு" என்று உத்தரவு கொடுக்கிற மேஸ்திரி. மேஸ்திரி கையில் மண்வெட்டியைக் கொடுத்தால் மண்ணும் வெட்டுப்படாது, சித்தாள்களும் சும்மா நிற்பார்கள். நாம் வருசக்கணக்காக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். போதாக்குறைக்கு, கம்பெனிக்காரர்கள் இப்போது அந்த மேஸ்திரியையே வேலையை விட்டுத் தூக்கிவிட்டார்கள். அதற்கும் நாம் கைதட்டிக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் கல்லூரியில் கேமரா வைத்திருக்கிற கூட்டத்தை மூன்று கட்சியாகப் பிரிக்கலாம். உங்கள் கல்லூரியிலும் இதே கதையாகத்தான் இருக்கும்.

ஒன்று, "ஃப்ளாஷ் ஆகாது" கட்சி. இவர்களுக்கு ஃப்ளாஷ் என்றாலே தீட்டு. இயற்கை வெளிச்சம் மட்டும்தான் கலை.

இரண்டு, "மூஞ்சிலேயே அடி" கட்சி. கேமராவை ஆட்டோவில் வைத்து, எழுந்து நிற்கும் குட்டி ஃப்ளாஷை அப்படியே முகத்தில் அடிப்பவர்கள். நம் வீட்டு ஆல்பங்களில் பாதி இவர்கள் எடுத்ததுதான்.

மூன்று, "ரேடியோ வாங்கிட்டு வா" கட்சி. ஃப்ளாஷைக் கேமராவை விட்டு இறக்க வேண்டும் என்பது இவர்களுக்குத் தெரியும். ஆனால் அதற்கு ட்ரிக்கர், ரிசீவர், ஸ்டாண்ட், சாஃப்ட்பாக்ஸ் எல்லாம் வாங்கி முடிக்கிற வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்பார்கள்.

மூன்று கட்சியுமே தப்பு. ஒவ்வொன்றாக வருகிறேன்.

வெயில் இல்லாத ஊர்

வெயில் இல்லாத ஊரா? நிலக்கோட்டையா? சித்திரை மாசம் வந்து பாருங்கள் என்று நீங்கள் சிரிக்கலாம். :) வெயில் இருக்கிறது சாமி. ஆனால் போட்டோ எடுக்க வேண்டிய விஷயங்கள் அந்த வெயிலில் நடப்பதில்லை.

யோசித்துப் பாருங்கள். பூ மார்க்கெட்டுக்கு மல்லிகையும் முல்லையும் பிச்சியும் மூட்டை மூட்டையாக வந்து இறங்குவது விடியற்காலை. மல்லிகை மொட்டாக இருக்கும்போதே கைமாற வேண்டும், வெயில் ஏறினால் விலை இறங்கும். முகூர்த்தம் நாலரை ஆறு. மாரியம்மன் கோயில் திருவிழாவில் தீச்சட்டி, முளைப்பாரி, கரகாட்டம் எல்லாம் ராத்திரி. காதுகுத்து நடப்பது பந்தல் நிழலில். பாட்டி உட்கார்ந்து பூக்கட்டுவது ஓட்டு வீட்டுத் திண்ணையில், நாற்பது வாட்ஸ் பல்புக்குக் கீழே.

இந்த இடங்களில் "இயற்கை வெளிச்சம்" என்றால் ஒரு ட்யூப்லைட்டும் நாலு கலர் சீரியல் செட்டும்தான். கிட் லென்ஸைத் திறக்கிற வரைக்கும் திறந்து எஃப் 3.5-இல் வைத்து, ஐஎஸ்ஓவை 1600க்கு ஏற்றினாலும் ஷட்டர் 1/15 நொடிக்கு இறங்கிவிடும். 1/15 நொடியில் கரகாட்டக்காரர் கரகாட்டக்காரராகத் தெரிய மாட்டார். கலர் புகை மாதிரி தெரிவார். மொபைலின் நைட் மோடும் இங்கே கைகொடுக்காது. அது பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாக அடுக்குகிற வித்தை. அசையாமல் இருக்கிற கோபுரத்துக்குச் சரி, ஆடுகிற ஆளுக்குச் சரிவராது.

ஆக "ஃப்ளாஷ் ஆகாது" கட்சி உண்மையில் என்ன சொல்கிறது? பெரிய ஜன்னல் இருக்கிற வீட்டுக்காரர்களையும், காலை வெயிலில் வயலில் நடப்பவர்களையும் மட்டும் படம் எடு, மற்ற வாழ்க்கையை விட்டுவிடு என்கிறது. விடியும் முன்னால் வேலைக்குப் போகிற ஜனங்களுக்கு நல்ல போட்டோ வேண்டாமா?

இவர்கள் உடனே பாலு மகேந்திராவை இழுப்பார்கள். சரி, நானும் இழுக்கிறேன். இயற்கை வெளிச்சத்துக்குப் பேர்போனவர்தான் அவர். ஆனால் அவர் படங்களில் முகங்களைக் கவனியுங்கள். வெளிச்சம் ஜன்னல் வழியாக, வாசல் வழியாக, ஒரு பக்கமாக வந்து விழும். மறுபக்கம் நிழல் இருக்கும். அந்தப் பக்கம் பி.சி. ஸ்ரீராம். 1987-இல் வந்த 'நாயகன்' ஒளிப்பதிவுக்குத் தேசிய விருது வாங்கியவர். 1988-இல் வந்த 'அக்னி நட்சத்திரம்' படத்தில் பின்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் வெளிச்சத்தை அடித்துத் தள்ளியிருப்பார். அதில் பாதிக்கு மேல் போட்ட வெளிச்சம்தான். இவர் இயற்கை, அவர் செயற்கை. ஆனால் இரண்டு பேரிடமும் வெளிச்சம் கேமராவின் நெற்றியிலிருந்து வரவில்லை. விஷயம் அவ்வளவுதான். வெளிச்சம் சூரியனிலிருந்து வருகிறதா பேட்டரியிலிருந்து வருகிறதா என்பதை விட, எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி.

நெற்றியில் அடித்தால் என்ன ஆகும்?

இப்போது இரண்டாவது கட்சி. குட்டி ஃப்ளாஷ் லென்ஸுக்கு நேர் மேலே சில அங்குலத்தில் இருக்கிறது. அங்கிருந்து வெளிச்சம் அடித்தால் நிழல் எல்லாம் பொருளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். மூக்குக்கும் கன்னத்துக்கும் மேடு பள்ளம் இருக்காது. முகம் அப்பளம் மாதிரி தட்டையாகிவிடும். கண்ணின் பின்திரையில் பட்டு வெளிச்சம் நேராக லென்ஸுக்கே திரும்புவதால் கண் சிவப்பாகும்.

அதோடு, வெளிச்சம் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். பதினொன்றாம் வகுப்பு இயற்பியல்தான். ஒரு மீட்டரில் இருக்கிற மாப்பிள்ளைக்குக் கிடைக்கிற வெளிச்சத்தில் ஒன்பதில் ஒரு பங்குதான் மூன்று மீட்டரில் இருக்கிற மாமனாருக்குக் கிடைக்கும். மாப்பிள்ளை சுண்ணாம்பு, மாமனார் கரி. சண்டை வராமல் என்ன செய்யும்?

இதைவிட எனக்குக் கோபம் வருகிற விஷயம் நம் தோலின் நிறம். கறுப்புத் தோலுக்கு ஒரு பளபளப்பு உண்டு. வெளிச்சம் பக்கத்திலிருந்து வந்தால் அந்தப் பளபளப்பு கன்ன எலும்பு, நெற்றி, தாடை என்று கோடு கோடாக விழுந்து முகத்தைச் செதுக்கிக் காட்டும். அதே வெளிச்சம் நேராக அடித்தால் வியர்வையில் பட்டு நெற்றியில் வெள்ளைத் திட்டாகவும், மீதி இடத்தில் சாம்பலாகவும் நிற்கும். அப்புறம் ஆல்பம் டிசைன் செய்கிறவர் என்ன செய்வார்? "முகம் டல்லாக இருக்கு" என்று சொல்லி மொத்தமாக வெள்ளையடித்து விடுவார். கல்யாண ஆல்பத்தைத் திறந்தால் நமக்குத் தெரிந்த அக்காவே அதில் இருக்க மாட்டார், வேறு யாரோ வெள்ளையாக உட்கார்ந்திருப்பார். பழி நம் நிறத்தின் மேல் விழுகிறது. தப்புச் செய்தது ஃப்ளாஷ் இருந்த இடம்!

மல்லிகையும் அப்படித்தான். நேர் ஃப்ளாஷில் பூக்குவியல் வெறும் வெள்ளை மெழுகுக் கட்டி. அதே குவியலுக்குப் பக்கத்தில், தாழ்வாக, ஒரு ஃப்ளாஷை வையுங்கள். ஒவ்வொரு மொட்டுக்கும் ஒரு நிழல் விழும். ஒவ்வொரு மொட்டும் தனித்தனியாகத் தெரியும். கட்டுகிற விரலில் இருக்கிற காய்ப்புகூடத் தெரியும்.

"ஃப்ளாஷை மேலே திருப்பிக் கூரையில் அடிக்கலாமே" என்று கேட்பீர்கள். வெள்ளைக் கூரை இருந்தால் தாராளமாக அடிக்கலாம், நல்ல முறைதான். நம் ஊரில் கூரை எங்கே வெள்ளையாக இருக்கிறது? கோயில் மண்டபத்தில் கருங்கல், எண்ணெய்ப் புகை பிடித்தது. காதுகுத்துக்குப் போடுகிற சாமியானா சிவப்பும் மஞ்சளும். அதில் பட்டுத் திரும்புகிற வெளிச்சத்தில் குழந்தைக்கு மஞ்சள் காமாலை வந்தது போலிருக்கும். பூ மார்க்கெட்டிலோ திருவிழாவிலோ மேலே ஆகாசம்தான்.

மேஸ்திரி என்ன செய்கிறார்?

இப்போது விஷயத்துக்கு வருவோம். கேமராவிலேயே ஃப்ளாஷைப் பொருத்திக் கொடுக்கும் பழக்கம் எஸ்எல்ஆர் உலகில் 1987-இல் பென்டாக்ஸ் கம்பெனியோடு வந்தது. அந்தக் குட்டி ஃப்ளாஷை வைத்தே தள்ளி இருக்கிற ஃப்ளாஷைக் கம்பியில்லாமல் இயக்கலாம் என்று 1990களின் தொடக்கத்திலேயே மினோல்டா செய்து காட்டியது. நிக்கான் 2003-இல் எஸ்பி-800 ஃப்ளாஷோடு தன்னுடைய முறையைக் கொண்டுவந்தது. 2004-இல் வந்த டி70 கேமராவில் குட்டி ஃப்ளாஷுக்கே அந்த அதிகாரத்தைக் கொடுத்தது. டி70-இல் ஒரே ஒரு குரூப்தான். 2005-இல் டி200 வந்தபோது இரண்டு குரூப், அதாவது இரண்டு தனித்தனி சித்தாள் கோஷ்டி. டி80, டி90, டி300, டி700 எல்லாவற்றிலும் இது உண்டு. ஒலிம்பஸ் 2007-இல் இ-3 கேமராவில் கொடுத்தது. கேனான் 2009-இல்தான் 7டி-யில் கொடுத்தது.

எப்படி வேலை செய்கிறது? நீங்கள் பட்டனை அமுக்கியதும் மேஸ்திரி ரகசியக் குறியில் கண்ணடிக்கிறார். "ஏ குரூப், கொஞ்சம் அடிச்சுக் காட்டு." ஏ குரூப் ஃப்ளாஷ் லேசாக ஒரு சோதனை அடி அடிக்கும். அது எவ்வளவு விழுகிறது என்று கேமரா லென்ஸ் வழியாகவே அளந்துகொள்ளும். "பி குரூப், நீ காட்டு." அதையும் அளக்கும். கணக்குப் போட்டு, "ஏ இவ்வளவு, பி இவ்வளவு" என்று மறுபடி கண்ணடிப்பு. அப்புறம்தான் ஷட்டர் திறக்கும், மேஸ்திரி "போடு!" என்பார், எல்லோரும் ஒரே நேரத்தில் போடுவார்கள். இத்தனையும் நம் கண்ணுக்கு ஒரே மின்னலாகத்தான் தெரியும்.

குறியீட்டில் பேசுவதால், பக்கத்தில் நிற்கிற மாமா தன் கேமராவில் ஃப்ளாஷ் அடித்தால் உங்கள் சித்தாள் ஏமாந்து அடிக்க மாட்டார். நாலு சானல் இருக்கிறது. அதே கம்பெனி கேமராவோடு இன்னொருவர் வந்து நின்றாலும் சானலை மாற்றிக்கொண்டால் தீர்ந்தது.

நம் ஊர் ஸ்டூடியோ அண்ணன்களுக்கு இது ஒன்றும் புதுசே இல்லை. ஸ்டூடியோவில் இரண்டு குடை லைட் நிற்கும். கேமராவிலிருந்து கம்பி ஒரு லைட்டுக்குத்தான் போகும். அது மின்னியதைப் பார்த்து மற்றது தானே மின்னும். ஸ்லேவ் என்பார்கள். வெளிச்சம் வெளிச்சத்தைக் கூப்பிடுகிற அதே பழைய யோசனைதான். அளவு சொல்கிற அறிவு மட்டும் புதிதாகச் சேர்ந்திருக்கிறது.

கணக்கும் பாருங்கள். டி80, டி90 கேமராக்களின் குட்டி ஃப்ளாஷின் கைடு நம்பர் ஐஎஸ்ஓ 100-இல் 12, 13 அளவுதான். எஃப் 4-இல் மூன்று மீட்டர் போனால் மூச்சு வாங்கும். எஸ்பி-600 ஃப்ளாஷுக்கு 35 மி.மீ. ஜூமில் அது 30. எஃப் 4-இல் ஏழரை மீட்டர். பலமான சித்தாள் பக்கத்தில் நிற்கும்போது மெலிந்த மேஸ்திரி ஏன் மண் சுமக்க வேண்டும்?

இன்னொன்று, எஸ்பி-600 முழு பலத்தில் அடித்தால் மின்னல் நீளம் சுமார் 1/900 நொடி. கால் பலத்தில் 1/3400 நொடி. இருட்டில் கரகாட்டம் ஆடுகிறவரின் சுழல்கிற பாவாடை அப்படியே நிற்கும். ஃப்ளாஷ் சுழலை நிறுத்துகிறது, கொஞ்சம் மெதுவான ஷட்டர் பின்னால் இருக்கிற சீரியல் செட்டின் கலரைக் கொண்டுவருகிறது. இயற்கைக் கட்சிக்காரர்கள் தயவுசெய்து கவனிக்கவும், இதில் இயற்கை வெளிச்சம் சாகவில்லை.

சரி, எப்படிச் செய்வது?

மெனுவில் குட்டி ஃப்ளாஷின் கட்டுப்பாட்டுக்குப் போய் கமாண்டர் மோட் தேர்ந்தெடுங்கள். குட்டி ஃப்ளாஷுக்கு இரண்டு கோடு, அதாவது "நீ வெளிச்சம் போடாதே". ஏ குரூப்புக்கு டிடிஎல். சானல் 1. தள்ளி வைக்கிற ஃப்ளாஷிலும் அதே ஏ, அதே 1. எஸ்பி-600 என்றால் ஜூம் பட்டனையும் கழித்தல் பட்டனையும் சேர்த்து இரண்டு நொடி அமுக்கி உள்ளே போய் வயர்லெஸ்ஸை ஆன் செய்ய வேண்டும். எஸ்பி-700 என்றால் சுவிட்சை ரிமோட்டுக்குத் திருப்பினால் போதும்.

ஃப்ளாஷின் பக்கவாட்டில் ஒரு சின்னக் கண் இருக்கும். அது கேமராவைப் பார்க்கட்டும், தலையை மட்டும் ஆளை நோக்கித் திருப்புங்கள். ஸ்டாண்ட் இல்லையா? சித்தப்பா பையன் ஒருவன் போதும். வெளிச்சம் கடுமையாக இருக்கிறதா? ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்து அதன் வழியாக அடியுங்கள். மறுபக்கம் ரொம்ப இருட்டா? ஒரு தெர்மாகோல் அட்டை. கல்யாண வீட்டில் இரண்டுக்கும் பஞ்சமே கிடையாது.

மல்லிகைக் குவியலை எடுக்கும்போது ஒன்று கவனிக்கணும். கேமரா அவ்வளவு வெள்ளையைப் பார்த்து பயந்து வெளிச்சத்தைக் குறைத்து, பூவைப் பழுப்பாக்கிவிடும். ஏ குரூப்புக்கு கேமரா மெனுவிலேயே 0.7 அல்லது 1 கூட்டிவிடுங்கள். ஃப்ளாஷ் இருக்கிற இடத்துக்கு ஓட வேண்டாம். இந்த ஒரு வசதிக்காகவே மேஸ்திரிக்கு மாலை போடலாம்.

சிலர் சோதனை மின்னலிலேயே கண்ணை மூடிவிடுவார்கள், பாட்டிகள் முக்கியமாக. அதற்கு எஃப்வி லாக் என்று ஒரு வசதி இருக்கிறது. அதை ஒரு பட்டனில் வைத்துக்கொண்டு முதலில் அமுக்கினால் சோதனை முன்கூட்டியே முடிந்துவிடும். பாட்டி கண்ணைத் திறந்ததும் நிதானமாக எடுக்கலாம்.

உங்களிடம் கமாண்டர் இல்லாத டி3200, டி5300 மாதிரி கேமராவா? அப்போதும் வழி இருக்கிறது. குட்டி ஃப்ளாஷை மேனுவலில் 1/32 பலத்துக்குக் குறையுங்கள். மலிவான மேனுவல் ஃப்ளாஷ்கள் பலவற்றில் எஸ்1, எஸ்2 என்று இரண்டு ஸ்லேவ் நிலை உண்டு. அதில் எஸ்1 வைத்தால் குட்டி மின்னியதும் பெரியது அடிக்கும். சோதனை மின்னல் விடுகிற கேமரா என்றால் எஸ்2, அது முதல் மின்னலை விட்டுவிட்டு இரண்டாவதுக்கு அடிக்கும். அளவை நீங்களே கையால் வைக்க வேண்டும், மாமா அடிக்கிற ஃப்ளாஷுக்கும் இது சேர்ந்து அடிக்கும். பரவாயில்லை, கற்றுக்கொள்ள இதுவே போதும்.

பூட்டுப் போட்டது யார்?

டி3200-இல் கமாண்டர் ஏன் இல்லை என்று எப்போதாவது யோசித்தீர்களா? விளக்கு இருக்கிறது. சோதனை மின்னலும் விடுகிறது. 2004-இல் டி70-இல் இருந்த வசதி, 2006-இல் வந்த டி40-இல் இல்லை. அதற்குப் பிறகு வந்த டி3000 வரிசை, டி5000 வரிசை எதிலும் இல்லை. மாணவர்கள், புதுசாகக் கற்றுக்கொள்கிறவர்கள் வாங்குகிற கேமராக்களில் மட்டும் குறிபார்த்து இந்தக் கதவுக்குப் பூட்டு. வேண்டுமென்றால் மேலே இருக்கிற மாடலை வாங்கு, இல்லையென்றால் தனியாக கமாண்டர் வாங்கு.

"சின்ன கேமராவில் முடியாது" என்று யாராவது சொன்னால் கேனான் 600டி-யைக் காட்டுங்கள். 2011-இல் வந்த, புதியவர்களுக்கான கேமரா. அதில் கொடுத்தார்கள். ஆக முடியும். மனசுதான் வேண்டும்.

அப்புறம் பெரிய கேமராக்களிலிருந்தும் எடுத்தார்கள். டி810-இல் இருந்த குட்டி ஃப்ளாஷ் 2017-இல் வந்த டி850-இல் இல்லை. டி750-இல் இருந்தது, 2020-இல் வந்த டி780-இல் இல்லை. மிரர்லெஸ் காலத்தில் நிக்கானின் இசட்எஃப்சி, இசட்30, சோனியின் ஏ6700 என்று எதிலும் அது கிடையாது. தூசியும் மழையும் உள்ளே போகாது, உடம்பு சின்னதாகும் என்று காரணம் சொல்கிறார்கள். இருக்கலாம். "நல்ல போட்டோகிராபர் யாரும் அதைப் பயன்படுத்துவதில்லை" என்றும் ஒரு காரணம் சொல்வார்கள். அதில்தான் எனக்கு எரிச்சல். மேஸ்திரியைக் கூலி வேலைக்கு விட்டு, "இவன் சரியில்லை" என்று பேர்கட்டி, கடைசியில் வேலையை விட்டே நிறுத்துவது என்ன நியாயம்?

மூன்றாவது கட்சிக்கு

ரேடியோ கட்சிக்காரர்கள் சொல்வதில் நிறைய உண்மை இருக்கிறது. ஒளியால் பேசுகிற மேஸ்திரிக்குக் கண்பார்வை வேண்டும். தூணுக்குப் பின்னால் நிற்கிற சித்தாளுக்கு உத்தரவு போகாது. நிக்கான் கையேட்டுக் கணக்குப்படி நேராக 10 மீட்டர், பக்கவாட்டில் 5 மீட்டர் அளவுதான். உச்சி வெயிலில் அதுவும் குறையும். நூறு பேர் நடமாடுகிற கல்யாண மேடையில் யாராவது குறுக்கே வந்துகொண்டே இருப்பார்கள். காசு வாங்கிக்கொண்டு கல்யாணம் எடுக்கிறவர் ரேடியோ வைத்திருப்பதுதான் முறை. தாலி கட்டுகிற நொடி திரும்பி வராது. கோடாக்ஸ் மாதிரி கம்பெனிகள் வந்தபிறகு ரேடியோ ட்ரிக்கரின் விலையும் இறங்கியிருக்கிறது. எல்லாம் சரி.

நான் சண்டை போடுவது "முதலில் வாங்கு, அப்புறம் கற்றுக்கொள்" என்கிற வரிசையோடு. செகண்ட் ஹேண்ட் கடை ஒன்றில் டி90 வாங்கப் போன நண்பன் ஒருவனிடம், இந்தக் கேமராவுக்குள்ளேயே கமாண்டர் இருக்கிறது என்று கடைக்காரர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ட்ரிக்கர் செட்டை எடுத்து முன்னால் வைத்தார். சொன்னால் வியாபாரம் ஆகாதே! அவன் வாங்கிக்கொண்டு வந்தான். அதே காசில் ஒரு பழைய ஃப்ளாஷ் வந்திருக்கும்.

இங்கேதான் நம் மாதிரி மாணவர்களுக்குப் பெரிய வாய்ப்பு இருக்கிறது. ஊரெல்லாம் மிரர்லெஸ்ஸுக்கு ஓடுகிறது. டி80, டி90, டி7000, 60டி, 600டி எல்லாம் கேட்பாரற்றுச் சுமாரான மொபைல் விலைக்கும் கீழே கிடக்கின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு மேஸ்திரி சம்பளமில்லாமல் உட்கார்ந்திருக்கிறார். நிக்கான் ஃப்ளாஷ் கிடைக்காவிட்டால் யோங்நுவோ ஒய்என்-565இஎக்ஸ், கோடாக்ஸ் டிடி685என் போன்றவையும் நிக்கான் மேஸ்திரியின் பேச்சைக் கேட்கும்.

அமெரிக்காவில் டேவிட் ஹாபி என்று ஒருவர். பால்டிமோர் சன் பத்திரிகையில் போட்டோகிராபராக இருந்தவர். 2006-லிருந்து அவர் உலகத்துக்குச் சொன்ன செய்தி ரொம்பச் சாதாரணமானது: சின்ன ஃப்ளாஷைக் கேமராவை விட்டு இறக்கு, பெரிய ஸ்டூடியோ சாமான் வேண்டாம். அதைக் கேட்டு எத்தனையோ நாட்டில் எத்தனையோ பேர் கற்றுக்கொண்டார்கள். அந்தச் சின்ன ஃப்ளாஷ் பாடத்தில் முதல் வகுப்பு கேமராவை விட்டு இறக்குவதுதான், பிராண்ட் வாங்குவது இல்லை. நமக்கு அந்த முதல் வகுப்புக்கான கட்டணத்தைக் கேமராவே கட்டிவிட்டது. வகுப்புக்குப் போகத்தான் ஆளைக் காணோம்.

யாரும் மாஸ்டர் ஆக வேண்டாம். இந்த வாரம் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். யாரிடமாவது ஒரு ஃப்ளாஷ் கடன் வாங்குங்கள். ராத்திரி ஏழு மணிக்கு மேல், உங்கள் வீட்டில் நிறம் அதிகமாக இருக்கிற ஆளை, அவர் வேலை செய்துகொண்டிருக்கும்போது, இரண்டு விதமாக எடுங்கள். முதலில் குட்டி ஃப்ளாஷை முகத்தில் அடித்து ஒன்று. அப்புறம் மேஸ்திரியை மேஸ்திரியாக விட்டு, பெரிய ஃப்ளாஷை அவருடைய இடப்பக்கமோ வலப்பக்கமோ இரண்டடி உயரத்தில் வைத்து ஒன்று. இரண்டையும் அவரிடமே காட்டி எது நீங்கள் என்று கேளுங்கள்.

அவர் காட்டுகிற படத்தை யாரும் வெள்ளையடிக்கத் தேவை இருக்காது.

பி.கு: எங்கள் வகுப்பில் எஸ்பி-600 வைத்துக்கொண்டு ஒன்றரை வருசமாகப் பையிலேயே தூங்க வைத்திருக்கிற மகானுபாவர் ஒருவர் இருக்கிறார். அவருக்குத்தான் தெரியும் அது யார் என்று. திருவிழாவுக்கு இரண்டு நாள் கொடுத்தால் புண்ணியமாகப் போகும். பேட்டரி நான் போட்டுக்கொள்கிறேன். :)